நண்பர்களோடு ஒரு டிரையத்லான்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே காலையில், பரிசோ மெடலோ இல்லாமல், நான்கு வருஷமாகச் சென்னையில் எங்கள் குடியிருப்பு நண்பர்களோடு நடத்தி வருகிறேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

எவ்வளவு தூரம் வைக்கலாம் சார்? (தாம்பரம்)

ஸ்பிரிண்ட் என்கிற சிறிய போட்டியிலேயே 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். பழக்கமில்லாதவர்களுக்கு அது அதிகம். தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வையுங்கள்: தண்ணீரில் 15 நிமிஷம், சைக்கிளில் 40, ஓட்டத்துக்கு 20. விசில் ஊதினால் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். ஒருவர் பத்துச் சுற்றுப் போயிருப்பார், இன்னொருவர் ஆறு. முடிக்கிற நேரம் ஒன்றுதான். முதல் வருஷம் நாங்கள் தூரம் வைத்தோம். ஓர் அக்கா கடைசியாகத் தனியே ஓடி வந்தபோது மற்றவர்கள் இட்லி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த வருஷமே மாற்றிவிட்டோம்.

வெயிலுக்கு இதமாக நீச்சலைக் கடைசியில் வைத்தால் என்ன? (மதுரை)

வேண்டவே வேண்டாம் தம்பி. 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவில் சான் டியாகோவின் மிஷன் பேயில் 46 பேரோடு நடந்த முதல் நவீன டிரையத்லானில் ஓட்டம்தான் முதலில். நடத்தி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. தண்ணீரில் இருந்தவர்களுக்காகக் கார் விளக்குகளைப் போட்டு வெளிச்சம் காட்டினார்கள். களைத்த காலில் தசை பிடித்துக்கொண்டால் தரையில் உட்கார்ந்துவிடலாம், தண்ணீரில் முடியாது. அதனால்தான் இன்று பெரும்பாலும் நீச்சல் முதலில் வருகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் வீடு. கடலிலேயே நீந்தலாமா?

கூடாது. அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் பெரும்பாலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது இழுத்துக்கொண்டு போகும். ஏரி, கிணறு, கல்குவாரிக் குட்டையும் வேண்டாம். உயிர்காப்பாளர் உள்ள நீச்சல் குளத்தைக் காலையில் ஒரு மணி நேரத்துக்குப் பேசி எடுங்கள். அவர் இருந்தாலும், ஒவ்வொரு தடத்துக்கும் நீந்தாத ஒருவர் கரையில் நிற்கட்டும். கையில் போன் இருக்கக் கூடாது. மூழ்குகிறவர் கூச்சல் போடுவார் என்று நினைக்கிறோம். வாயே தண்ணீருக்குள் இருக்கும்போது சத்தம் எங்கே வரும்? பக்கத்தில் நீளமான மூங்கில் கழியும் காற்றடித்த டியூபும் இருக்கட்டும். பழக்கமில்லாதவர் காப்பாற்றக் குதித்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

எனக்கு நீச்சலே தெரியாது. வரலாமா அண்ணா? (திருச்சி)

தாராளமாக வாம்மா. மார்பளவுத் தண்ணீரில் 15 நிமிஷம் நட. நடந்து பார்த்தால்தான் அது எவ்வளவு உழைப்பு என்று தெரியும்.

கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா? (கோவை)

வேண்டாம். பால் வாங்கப் போகிற சைக்கிளே போதும். முந்தின நாள் காற்றடியுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். பாதையை இடப்பக்கம் மட்டுமே திரும்புகிற ஒன்றிரண்டு கி.மீ. சுற்றாக எடுங்கள், எதிர்வண்டியைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்காது. ஹெல்மெட் இல்லாதவரை நான் சைக்கிளில் ஏற விடுவதில்லை.

ஈரக் காலோடு ஷூ போடுவது எப்படி?

சைக்கிள் ஹேண்டிலில் ஒரு துண்டு தொங்கட்டும். விரல் இடுக்கு வரை துடைத்து, சாக்ஸுக்குள் கொஞ்சம் பவுடர் தட்டிப் போடுங்கள். அவசரமே இல்லை, உட்கார்ந்தே மாட்டலாம். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் மரத்த மாதிரி, வேறு யாருடைய காலோ என்பதுபோல இருக்கும். ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு ஓடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. சேர்க்கலாமா? (சேலம்)

அவருடைய டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். இன்சுலினும் சில மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு உழைப்பில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், கூடவே ஒருவர் போகட்டும். யாருக்காவது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாடு?

தொடங்கும் முன் பாதி வாழைப்பழம். நடுவில் உப்புப் போட்ட மோர். முடிந்ததும் வெண்பொங்கல். விசில் ஊதிய பிறகு, எல்லோரும் வந்து உட்கார்ந்த பின்தான் எங்கள் இடத்தில் இலை போடுவோம்.