கேள்வி-பதில்: குடிநோய் மீட்புக் கூட்டங்கள்

பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருந்தீர்கள். யார் பெயரையும் போடவில்லை.

கே: பக்கத்தில் எங்கே ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு) கூட்டம் நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: உங்கள் நாட்டு ஏ.ஏ. இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கும். குடியை நிறுத்தச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். இடமும் நேரமும் மாறியிருக்கும், பட்டியல் மாறியிருக்காது. ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் வேறு யாருடைய கட்டடத்திலோ ஓர் அறையில்தான் நடக்கும், வாசலில் பெரிய பலகை எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில் ஒன்றுமே இல்லையென்றால் ஆன்லைன் கூட்டம் இருக்கிறது.

கே: கட்டணம் எவ்வளவு?

ப: கிடையாது. காணிக்கைப் பை சுற்றி வரும். புதிதாக வந்தவர் கையை விடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். சேர்வதற்குப் பணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை, வேறு ஏதோ.

கே: பல வருடமாகத் தினமும் நிறையக் குடிக்கிறேன். இன்றிரவோடு நிறுத்திவிட்டு நாளை கூட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

ப: ‘நிறைய’ என்பது ஓர் அளவா? எவ்வளவு, காலையில் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, எதையும் எழுதவில்லை. அதனால் மோசமானதை வைத்தே பதில் சொல்கிறேன். முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் சிலருக்குப் பிதற்றலும் இல்லாதது கண்ணில் தெரிவதும் வரும். அது உயிரையே எடுக்கக்கூடியது. மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வழி இருக்கிறது.

கே: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. போகலாமா?

ப: குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும், வேறு நிபந்தனை இல்லை. பிரார்த்தனை காதில் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடியவே முடியாது என்றால் ‘ஸ்மார்ட் ரெக்கவரி’ என்று குடியை விட உதவும் வேறொரு அமைப்பு இருக்கிறது. அங்கே கடவுள் பேச்சே வராது.

கே: டிசம்பரிலிருந்து போகிறேன், குடிக்கவில்லை. 12 வருடமாகக் குடிக்காமல் இருக்கும் என் ஸ்பான்சர் (ஏ.ஏ.வில் எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்), ‘மனச்சோர்வு மாத்திரையும் போதைதான், அதையும் விட்டால்தான் முழு நிதானம்’ என்கிறார். விட்டுவிடலாமா?

ப: விடாதீர்கள். 12 வருடம் குடிக்காமல் இருப்பது பெரிய விஷயம், நான் மதிக்கிறேன். ஆனால் அது மருந்துச்சீட்டு எழுதும் தகுதி ஆகிவிடாது. இந்த மாதிரி யோசனையைக் கேட்டுவிட்டு வந்து, பாதி மாத்திரை உரிக்கப்படாமலே இருக்கும் அட்டையை என் மேசையில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். தூக்கமில்லை, தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது மாதிரி இருக்கிறது என்பார்கள். பின்னாலேயே பழைய சோர்வு திரும்பியிருக்கும். அதற்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பாட்டில்தானே!

மனச்சோர்வு மாத்திரை போதை தருவதில்லை. குடிக்கும் வேட்கையைக் குறைக்கத் தரும் நால்ட்ரெக்ஸோனும் அப்படித்தான், அதையும் ‘ஊன்றுகோல்’ என்று சிலர் கேலி செய்கிறார்கள். டயஸெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் விஷயத்தில் மட்டும் பயம் நியாயம், அவை பழகிவிடும். எழுதித் தருபவரிடம் ‘நான் குடிநோயாளி’ என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்.

ஏ.ஏ.வின் மேல் பழி போடாதீர்கள். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று அவர்கள் வெளியீட்டிலேயே இருக்கிறது. 1935-ல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரே அறுவைச் சிகிச்சை மருத்துவர். உங்கள் ஸ்பான்சரிடம் ‘குடி விஷயம் உங்களிடம், மாத்திரை விஷயம் டாக்டரிடம்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் வேறு ஸ்பான்சர் பாருங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கே: கணவர் வர மறுக்கிறார். அவருக்குப் பதிலாக நான் போய்க் கேட்டு வந்து சொல்லலாமா?

ப: திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ஆனால் கேட்டு வந்து அவருக்கு ஒப்பிப்பதில் பயனில்லை, சண்டைதான் வரும். உங்களைப் போல, குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951-லிருந்து அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அல்-அட்டீன். அவரைத் திருத்தும் வித்தை அங்கே கிடைக்காது. நீங்கள் தூங்குவதற்கு வழி கிடைக்கும்.

கே: ஒரே ஒரு தடவை போனேன். எல்லோரும் சொந்தக் கதை பேசுகிறார்கள். இதில் என்ன பயன்?

ப: ஒரு தடவை! வேறு குழுக்களையும் சேர்த்து ஐந்தாறு கூட்டம் உட்கார்ந்துவிட்டு எழுதுங்கள். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறு.

கே: மறுபடி குடித்துவிட்டேன். குடித்த நிலையில் போனால் விரட்டுவார்களா?

ப: கலாட்டா செய்யாதவரை பெரும்பாலும் விரட்டமாட்டார்கள். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். தினமும் குடிக்க ஆரம்பித்து நாளாகிவிட்டதென்றால், மேலே சொன்னதுதான்: முதலில் டாக்டர்.