மூளை அழற்சி: வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மூளைக்காய்ச்சலும் மூளை அழற்சியும் ஒன்றுதானா? ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள்.

பதில்: பேச்சு வழக்கில் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே சொல் இரண்டு நோய்களுக்கும் புழங்குவதால் வரும் குழப்பம் இது. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளில் அழற்சி உண்டானால் அது மூளை உறை அழற்சி, அதாவது மெனிஞ்சைட்டிஸ். அதில் கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவை முன்னால் நிற்கும். மூளைத் திசுவே தாக்கப்பட்டால் அது மூளை அழற்சி, அதாவது என்செஃபலைட்டிஸ். இதில் காய்ச்சலோடு குழப்பம், நடத்தை மாற்றம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை சேர்ந்து வரும். இரண்டும் ஒரே நோயாளியிடம் கலந்து வருவதும் உண்டு.

கேள்வி: என் அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தபின் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். மனநோய் என்று சிலர் சொன்னார்கள், மந்திரிக்கச் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் ஹெர்பெஸ் வைரஸ் என்றார்கள். அது எப்படி மூளைக்குப் போனது?

பதில்: உதட்டோரம் கொப்புளம் வரவழைக்கும் ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ் நம்மில் மிகப் பலரின் உடலில் சிறு வயதிலேயே புகுந்து, முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சு ஒன்றில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது. மிக அரிதாக அது மூளையைத் தாக்கும்போது, பெரும்பாலும் காதுக்கு மேலே, பொட்டெலும்புக்கு உட்புறமுள்ள டெம்போரல் மடலைத்தான் பிடிக்கிறது. நினைவு, மொழி, உணர்ச்சி, மணம் ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதி அது என்பதால், கை கால் நன்றாக இயங்கும்போதே பேச்சும் நடத்தையும் மாறிவிடுகின்றன.

நான் பார்த்த ஒரு பெண்மணி, வீட்டில் யாருக்கும் தெரியாத கருகல் வாடை தனக்கு மட்டும் அடிப்பதாக ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாலையில் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கலக்கினார். இரவில் வலிப்பு வந்தது. அந்த வாடை மூக்கில் இல்லை, மூளையில் எழுந்த சிறு வலிப்பு. காய்ச்சல் உள்ளவரின் புத்தியோ பேச்சோ மாறினால், காரணம் என்னவாக இருந்தாலும், அந்த நேரமே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போகவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்கள். நாங்கள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டோம். செய்தது சரிதானா?

பதில்: நான் வாரந்தோறும் எதிர்கொள்ளும் அச்சம் இது, இதனால் கைநழுவிய உயிர்களையும் பார்த்திருக்கிறேன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதல், இரண்டாம் எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவதோ அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு அல்லது நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில். அங்கே தண்டுவடம் இல்லை; மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் உள்ளன, அவை ஊசி முனைக்கு விலகிக்கொடுக்கும். பெரியவர் உடலில் அந்த நீர் ஏறத்தாழ 150 மில்லி இருக்கிறது, நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. நாங்கள் எடுப்பது சில மில்லிதான். பின்னர் சில நாள் தலைவலி வரலாம். மூளையில் வீக்கம் அதிகமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால் முதலில் சி.டி. ஸ்கேன் பார்ப்போம், இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால் ஊசி குத்துவதைத் தள்ளிப்போடுவோம்.

குழாயில் சொட்டுச் சொட்டாக விழும் அந்த நீர் வைரஸ் நோயில் கண்ணுக்குப் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். ஆய்வகத்தில்தான் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் கூடியிருப்பதும், புரதம் சற்று ஏறியிருப்பதும், சர்க்கரை பெரும்பாலும் இயல்பாக இருப்பதும் தெரியவரும். பி.சி.ஆர். சோதனை வைரஸின் மரபுப்பொருளையே கண்டுபிடிக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. ஆகியவையும் தேவை, ஆனால் இந்த நீருக்கு அவை ஈடாகா. தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: ரிசல்ட் வருவதற்கு முன்பே விலையுயர்ந்த மருந்தை ஏற்றுகிறார்களே, ஏன்?

பதில்: ஹெர்பெஸ் மூளை அழற்சிக்குச் சிகிச்சை தராவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுகிறார்கள். 1980களில் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வந்தபின் இறப்பு பெருமளவு குறைந்தது, ஆனால் மருந்து தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் மீட்சியைக் குறைக்கிறது. பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் எட்டு மணிக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள் வரை இரத்தக்குழாய் வழியாகத் தரவேண்டும். சிறுநீரகத்தில் மருந்து படிகமாகப் படியக்கூடும் என்பதால் போதிய திரவமும் ஏற்றுவார்கள். நோயின் முதல் மூன்று நாட்களில் பி.சி.ஆர். பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் சில நாள் கழித்து மறுபடி நீர் எடுக்கச் சொல்வதும் இதனால்தான். நம் பகுதிகளில் உண்ணிக் காய்ச்சல், காசநோய், மலேரியா ஆகியவையும் இதே வேடத்தில் வருவதால், உண்ணிக் காய்ச்சலின் அடையாளமான கருப்புப் பொருக்குப் புண் உடலில் உள்ளதா என்று அக்குள், தொடை இடுக்குவரை தேடிப் பார்த்து, அதற்கான டாக்சிசைக்ளின் மருந்தையும் சேர்த்துத் தொடங்குவதுண்டு.

கேள்வி: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, பன்றிகளிடமிருந்தும் கொக்கு, நாரை போன்ற பறவைகளிடமிருந்தும் வைரஸை எடுத்து மனிதருக்குக் கடத்துகிறது. மனிதர் இரத்தத்தில் வைரஸ் போதிய அளவு பெருகாததால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில்தான். தொற்றியவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே மூளை பாதிக்கப்படுகிறது, ஆனால் பாதிக்கப்பட்டால் நான்கில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள். வைரஸைக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. வலிப்பு, மூளை வீக்கம், மூச்சு ஆகியவற்றைக் கவனித்துக்கொள்வதே சிகிச்சை. ஆகவே, நோய் பரவும் மாவட்டங்களில் அரசு தரும் தடுப்பூசியை 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒருமுறையும் தவறாமல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் ஹெர்பெஸ் மூளை அழற்சியிலிருந்து பிழைத்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. பழையதெல்லாம் சொல்கிறார், காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார். இப்போது இரண்டு நாளாக வாயைக் கோணிக்கொண்டு அசைக்கிறார், தூக்கமே இல்லை.

பதில்: புதிய நினைவுகளைப் பதிவதில் குறை இந்நோய்க்குப் பின் அடிக்கடி காணப்படுவது, சுவரில் நாட்காட்டியும் கையில் ஒரு நோட்டும் வைத்து, பேச்சுப் பயிற்சியும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியும் (ஆக்குபேஷனல் தெரபி) தரும் சிகிச்சையாளர்களின் துணையோடு மாதக்கணக்கில் பழக்கினால் முன்னேற்றம் கிடைக்கும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் நீங்கள் கடைசியாக எழுதியது என்னைக் கவலைப்படுத்துகிறது. ஹெர்பெஸ் தாக்குதல் அடங்கிய சில வாரங்களில், உடலின் எதிர்ப்பாற்றலே மூளை அணுக்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளுக்கு எதிராகப் புரதங்களை உருவாக்கி மூளையைத் தாக்குவது சிலருக்கு நேர்கிறது. அதை முதுகில் எடுக்கும் நீரிலும் இரத்தத்திலும் சோதித்து அறியலாம். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்றவற்றால் கட்டுப்படுத்தவும் முடியும். வைரஸ் மீண்டும் தலைதூக்கியதா என்பதையும் கூடவே பார்க்கவேண்டும். இதைப் படித்ததும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு அவரை இன்றே உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.