மாப்பிள்ளை தேடுவதும் மாப்பிள்ளையைத் தேடுவதும்

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், சர்வீஸ் பிரிவில் வேலை செய்கிறேன். 12-ஆம் வகுப்பு வரை தமிழ்வழி, அப்புறம் டிப்ளமோ. ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது என் வேலையில் பாதி. போன மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, அவர் திருப்பி அனுப்பிய பம்ப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'வீ ஹேவ் ஃபவுண்ட் தி கிராக் இன் தி கேசிங்' என்று எழுதினேன் (கேசிங் என்பது பம்ப்பின் வெளிக்கூடு). உடனே போன் வந்தது. "எந்த விரிசல்? உங்களுக்கு முன்பே தெரியுமா? ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். மேனேஜர் 'தி கிராக்' தப்பு, 'எ கிராக்' என்று எழுதியிருக்க வேண்டும் என்றார். முதல்முறை சொன்னால் 'எ', இரண்டாம் முறை 'தி' என்றுதானே படித்தேன்? அப்படியானால் 'தி கேசிங்' மட்டும் எப்படிச் சரி? அதுவும் முதல்முறைதானே? மேனேஜரிடம் கேட்டால் "காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைப் போடுங்கள்" என்கிறார். என் காதுக்கு எல்லாமே சரியாகத்தான் படுகிறது. 'இன் ஹாஸ்பிடல்' என்று ஒருவர் எழுதுகிறார், 'இன் தி ஹாஸ்பிடல்' என்று இன்னொருவர். 5-ஆம் வகுப்பு படிக்கும் என் மகளும் இதையே கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'தி கேசிங்' மட்டும் எப்படிச் சரி என்ற கேள்வி. ஒரே வாக்கியம், இரண்டு பெயர்ச்சொற்கள், இரண்டையும் முதல்முறையாகத்தான் சொல்கிறீர்கள். ஒன்றுக்கு 'எ', மற்றதற்கு 'தி'. பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதி இந்த இடத்தில் நிற்கவில்லை என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

காதை நம்பு என்ற அறிவுரை, பிறந்தது முதல் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தவருக்குச் சரி. நானும் தமிழ்வழியில் படித்தவன். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து பல வருடம் கழித்துதான் இது எனக்குப் பிடிபட்டது. அதுவும் ஆங்கில இலக்கணப் புத்தகத்திலிருந்து அல்ல, தமிழிலிருந்து. அதனால் தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

'பக்கத்து வீட்டில் மாப்பிள்ளை தேடுகிறார்கள்' என்றால் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். 'மாப்பிள்ளையைத் தேடுகிறார்கள்' என்றால் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணோம். வேறுபாடு ஒரே ஓர் 'ஐ'. 'பெண் பார்க்கப் போனோம்', 'பெண்ணைப் பார்க்கப் போனோம்' என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'வேலைக்கு ஆள் தேடுகிறோம்' என்பது விளம்பரம், 'ஆளைத் தேடுகிறோம்' என்பது போலீஸ் வேலை. இதில் எந்தத் தமிழருக்கும் தப்பு வராது. எழுத்து அறியாத பாட்டிக்கும் வராது. முதல் வகையில், எந்த மாப்பிள்ளை என்று சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. இரண்டாம் வகையில் இருவருக்கும் தெரியும், பேச்சு குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றியது. ஆங்கிலத்தில் முதலாவது 'எ', இரண்டாவது 'தி'. ஆக இந்த உணர்வு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது உங்கள் காதில் இல்லை, 'ஐ' உருபில் இருக்கிறது.

ஆனால் இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்பதில் 'ஐ' இருந்தும் அது 'எ பாய்' தான். தமிழ் இந்த வேறுபாட்டைச் செயப்படுபொருளில் மட்டும், அதுவும் சில நேரங்களில் மட்டும் காட்டுகிறது. எழுவாயில் காட்டுவதே இல்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரே பஸ்ஸுக்காக இருவர் காத்திருக்கும்போது ஒருவர் 'பஸ் வருது' என்றால் அது 'தி பஸ்'. தெருவில் விளையாடும் குழந்தையைப் பார்த்து 'பஸ் வருது, ஓரமா வா' என்றால் 'எ பஸ்'. நமக்கு இரண்டும் ஒரே சொல். சூழ்நிலை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலம் அதைச் சூழ்நிலையிடம் விடுவதில்லை, ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது.

என்ன சொல்லச் சொல்கிறது? இதுதான் முக்கியம். 'எ' போடுவதா 'தி' போடுவதா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பொருள் அல்ல, கேட்பவர். 'தி' போட்டால், 'நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்' என்று அவரிடம் சொல்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு அவர் 'எந்த?' என்று கேட்க வேண்டியிருந்தால் அந்த 'தி' தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் கேட்ட முதல் கேள்வியே "எந்த விரிசல்?" தான். 'எந்த கேசிங்?' என்று அவர் கேட்கவில்லை. பம்ப் என்றால் அதற்குக் கேசிங் உண்டு என்பது அவருக்குத் தெரியும். பம்ப் பேச்சில் வந்துவிட்டதால் கேசிங்கும் கூடவே வந்துவிட்டது. நாமும் 'நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பெண் டாக்டர்' என்கிறோம். எந்தப் பெண் என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணத்தோடு பெண்ணும் வந்துவிடுகிறாள். கேசிங்கும் அப்படித்தான். விரிசல் அப்படி இல்லை. பம்ப்பில் விரிசல் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. நீங்கள் 'தி கிராக்' என்றதும், ஏற்கெனவே பேசப்பட்ட, ஏற்கெனவே தெரிந்த ஒரு விரிசல் இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். கோபம் அதில் வந்தது. நீங்கள் எதையும் மறைக்கவில்லை, ஆனால் அந்தச் சின்னச் சொல் மறைத்ததாகச் சொல்லிவிட்டது.

இது எவ்வளவு வலுவான சொல் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 1975-இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் கைடோ ஸானியும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். பிறகு சிலரிடம் 'எ புரோக்கன் ஹெட்லைட்' பார்த்தீர்களா என்றும், சிலரிடம் 'தி புரோக்கன் ஹெட்லைட்' பார்த்தீர்களா என்றும் கேட்டார்கள். படத்தில் இல்லாத பொருள்களைப் பற்றியும் இப்படிக் கேட்டார்கள். 'தி' போட்டுக் கேட்கப்பட்டவர்களில் அதிகம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'எ' போட்டுக் கேட்கப்பட்டவர்கள் தெரியவில்லை என்று கூடுதலாகச் சொன்னார்கள். 'தி' வந்ததுமே, உடைந்த விளக்கு ஒன்று இருந்தது என்பது முடிந்துபோன விஷயமாகி, பார்த்தாயா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வியாகிறது. நீதிமன்ற சாட்சிக்கூண்டில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இன்றும் தீரவில்லை. 1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் நடந்த போருக்குப் பிறகு, நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 242-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அந்தப் போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிற இடத்தில், ஆங்கில வாசகத்தில் 'ஃப்ரம் டெரிட்டரீஸ்' என்று இருக்கிறது. 'ஃப்ரம் தி டெரிட்டரீஸ்' என்று இல்லை. பன்மை என்பதால் 'எ' போட இடமில்லை, ஒன்றும் போடாமல் விடுவதுதான் அங்கே 'எ'-யின் வேலையைச் செய்கிறது. 'தி' இருந்திருந்தால் அந்தப் பகுதிகள் முழுவதும் என்று கொள்ள வேண்டும், இல்லாததால் எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்று இஸ்ரேல் வாதிட்டது. அரபு நாடுகள் இதை ஏற்கவில்லை, முழுவதும் என்றுதான் பொருள் என்றன. அதே தீர்மானத்தின் பிரெஞ்சு வாசகத்திலோ அந்த இடத்தில் 'தி'-க்கு நிகரான சொல் இருக்கிறது. நில எல்லை பற்றிய ஒரு சண்டையில், ஒரு மொழியில் இருக்கும் சொல் மற்ற மொழியில் இல்லை.

மொழிபெயர்ப்பாளனாக என்னை உறுத்துவது வேறொன்று. இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'கைப்பற்றிய பகுதிகளிலிருந்து'. ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாலும் இதுதான் வரும். மாப்பிள்ளை விஷயத்தில் நமக்குக் கைகொடுத்த 'ஐ' இங்கே இல்லை, 'இலிருந்து' எதையும் காட்டிக்கொடுக்காது. 'அந்தப் பகுதிகள் அனைத்திலிருந்தும்' என்றால் பிரெஞ்சு சொன்னதைவிட அதிகமாகிவிடும். 'சில பகுதிகளிலிருந்து' என்றால் ஆங்கிலம் சொல்லாததைச் சொல்லிவிடும். உலகம் இத்தனை ஆண்டுகள் வாதாடும் ஒரு வேறுபாடு தமிழ் வாக்கியத்தில் சத்தமில்லாமல் மறைந்துபோகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் தடுமாறும் இடமும் இதுதான்.

மற்ற கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இன் ஹாஸ்பிடல்' பிரிட்டிஷ் வழக்கு, 'இன் தி ஹாஸ்பிடல்' அமெரிக்க வழக்கு. உங்கள் வாடிக்கையாளர் எந்தப் பக்கமோ அதன்படி எழுதுங்கள். ஆறுகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் 'தி' வரும், ஊர்களுக்கு வராது. 'தி காவேரி', 'தி நீல்கிரிஸ்', ஆனால் ஊட்டி வெறும் ஊட்டிதான். இதில் காரணம் தேட வேண்டாம், பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

'எ', 'அன்' குழப்பம் நமக்கு வரவே கூடாது. 'ஒரு வீடு', 'ஓர் இல்லம்' என்று எழுதுகிறோம் இல்லையா, அதே விதிதான். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள். எம்எல்ஏ என்ற சொல் உயிரொலியில் தொடங்குவதால் 'அன் எம்எல்ஏ'. யுனிவர்சிட்டி 'யு'-வில் தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி'. வரலாறும் ஒன்றுபோலவே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற எண்ணுப்பெயர்தான் தேய்ந்து 'எ', 'அன்' ஆனது. 'அந்த' என்று சுட்டிய சொல் தேய்ந்து 'தி' ஆனது.

நம் மெயில்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு 'தி'-யைத் தப்பாகப் போடுவது அல்ல, ஒன்றுமே போடாமல் விடுவது. தமிழில் 'அவர் இன்ஜினியர்' என்று சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் 'ஹி இஸ் இன்ஜினியர்' என்று எழுதிவிடுகிறோம். எண்ணக்கூடிய பொருள் ஒருமையில் வந்தால் ஆங்கிலத்தில் அது தனியாக நிற்காது. முன்னால் 'எ', 'தி', 'மை', 'திஸ்' ஏதாவது ஒன்று வேண்டும். அனுப்புவதற்கு முன் மெயிலில் இதை மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட் போன்றவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. அதனால் 'அன் இன்ஃபர்மேஷன்' என்று எழுதாதீர்கள்.

இனி உங்கள் மகள். அவளுக்கு விதி சொல்ல வேண்டாம், தமிழில் கதை சொல்லுங்கள். 'ஒரு ஊரில் ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு ஒரு மகள்.' கதை தொடங்கும்போது கேட்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் முதல்முறை 'எ', அடுத்து 'தி' என்ற பள்ளி விதி கதையில் மட்டும் அழகாகப் பொருந்துகிறது. அப்புறம் 'அரண்மனைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவன் வந்தான்' என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அரண்மனை பற்றி நீங்கள் இதற்கு முன் சொல்லவே இல்லை. எந்த அரண்மனை என்று அவள் கேட்கிறாளா, எந்தக் கிழவன் என்று கேட்கிறாளா என்று பாருங்கள். அதற்குப் பிறகு இரண்டையும் ஆங்கிலத்தில் அவளையே சொல்லச் சொல்லி, என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்