கடற்கரைக் காற்றில் ரயில் எஞ்சினுக்கு இரட்டை வண்ணம்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் வசிக்கிறேன். 1:87 அளவு பிளாஸ்டிக் டீசல் எஞ்சின் மாடலுக்கு மேலே கிரீம், கீழே நீலம் அடித்தேன். லாக்கர் (சட்டென உலரும் கரைப்பான் பெயின்ட்) ஸ்பிரே கேனில் அடித்த நீலம் பால் படிந்ததுபோல் வெளுத்துவிட்டது. நிறங்கள் சேரும் கோட்டிலும் கசிவு. ஆன்லைனில் வாங்கிய கேனைத் திருப்பித் தர முடியுமா? அடுத்து எதை வாங்குவது?

பதில்: வெளுத்ததற்குக் கேன் காரணமல்ல, ஈரக்காற்றுதான். லாக்கரின் கரைப்பான் சட்டென ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால் பணம் கேட்பது நியாயமாகாது. முதல் அழுத்தத்திலேயே நாசில் (பெயின்ட் வெளிவரும் துளை) அடைத்திருந்தாலோ, எம்.ஆர்.பி., தயாரிப்பு மாதம் இல்லாமல் வந்திருந்தாலோ விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. அசைந்து கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

இனி நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் வாங்குங்கள்; நிறத்துக்கு ஒரு 10 மி.லி. குப்பி போதும். காய்ந்த லாக்கர் மேல் அக்ரிலிக் அடிக்கலாம், அக்ரிலிக் மேல் லாக்கர் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) என்றால் 0.3 மி.மீ. நாசில் போதும். ஆனால் வாட்டர் டிராப் (காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துவைக்கும் பகுதி) இல்லாத கம்ப்ரசர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நம் கரைக்கு வேண்டாம்.

கசிந்த மேட்டை 1000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் சமன் செய்து, சோப்பு நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு பேட்டரி தண்ணீர் (பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய நீர்) ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி நிற்கும், அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. காலை ஈரம் விலகிய முற்பகல், நண்பகல் வேளையில், காற்று வீசாத அறைக்குள் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் கிரீம்; ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஹார்டுவேர் கடை மாஸ்கிங் டேப்பின் சுருக்கங்கள் வழியேதான் நீலம் உள்ளே புகும். மாடலுக்கென்றே வரும் 6 மி.மீ. டேப்பை வாங்கி, கண்ணாடி மேல் ஒட்டிப் புது பிளேடால் ஓரம் வெட்டி, ரிவெட்டுகளை (எஞ்சின் உடலில் புடைத்திருக்கும் ஆணித் தலைகள்) சுற்றிப் பல்குச்சியால் அழுத்துங்கள். பிறகு டேப் ஓரத்தில் மறுபடி கிரீமையே மெல்லிசாக ஒரு முறை அடியுங்கள். சந்தில் இறங்குவது கிரீமாகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, சந்தும் அடைபட்டுவிடும். அதன்மேல் நீலம், மெல்லிய மூன்று பூச்சு. தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும், முழுதாக இறுகுமுன், டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக உரியுங்கள். சக்கர விளிம்பில் மட்டும் பெயின்ட் படவிடாதீர்கள். மின்சாரம் தண்டவாளத்திலிருந்து ஏறுவது அந்த வழியாகத்தான்.