அண்ணனா, தோழியா?

கேள்வி: ஒட்ட வெட்டிய தலை, சட்டை, பேன்ட். பெண்தான், ஆனால் நான் இப்படித்தான். தோழிகள் ஐந்து பேர். "நீ எங்களுக்கு அண்ணன் மாதிரி" என்கிறார்கள். மனம்விட்டுப் பேசும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை. உடையை மாற்றினால் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: மாற்றினால் உடைக்குத்தான் பாராட்டு கிடைக்கும். "இப்படியே இருக்கலாமே" என்பார்கள். மறுநாள் பழைய சட்டையில் போனால் முகம் சுருங்கும். சட்டையை விடுங்கள்.

'அண்ணன்' பாசத்தில் வந்த சொல்லாகவே இருக்கட்டும். கூடவே ஒரு வேலைப் பட்டியலும் வந்திருக்குமே: இரவில் வீடுவரை துணைக்குப் போவது, கனமான பையைத் தூக்குவது, போட்டோ எடுப்பது. போன வருஷத்து குரூப் போட்டோக்களைப் புரட்டிப் பாருங்கள், எத்தனையில் நீங்கள் இருக்கிறீர்கள்? காவலுக்கு நிற்பவரிடம் யாரும் அழுவதில்லை. அவருக்கும் அழுகை வரும் என்றே தோன்றுவதில்லை. மாதவிடாய் வலியில் சுருண்டு கிடந்த நாளில் "வேலை இருக்கு" என்று நீங்கள் சமாளித்திருந்தால், அதில் உங்கள் பங்கும் உண்டு.

துணிச்சல் கூடினால் மென்மை குறையும் என்பது பழைய கணக்கு. அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974-இல் வெளியிட்ட அளவுகோலில் 60 பண்புகள்: ஆணுக்குரியவையாகக் கருதப்பட்டவை 20, பெண்ணுக்குரியவையாகக் கருதப்பட்டவை 20, பொதுவானவை 20. முதல் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். ஒருவரே இரண்டிலும் நிறைய வாங்கலாம்.

தலைமுடியைப் பார்த்தே உங்கள் நாட்டம் யார்மீது என்று ஊகித்து, கட்டிப்பிடிக்கத் தயங்குபவர்களும் உண்டு. உடை வேறு, நாட்டம் வேறு. நாட்டம் பெண்கள்மீதே என்றாலும் எல்லாத் தோழிமீதும் காதல் வந்துவிடாது.

ஐந்து பேர் நடுவில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், கேலியில் முடியும். ஒருத்தியை மட்டும் தனியாகச் சந்தியுங்கள். அவள் ரகசியத்தைக் கிளறாமல், உங்களுடைய சின்ன பயம் ஒன்றை முதலில் சொல்லுங்கள். அவள் 'அண்ணன்' என்று கூப்பிட்டால், "பேரைச் சொல்லிக் கூப்பிடு, அதுதான் பிடிக்கும்" என்று சிரித்தபடி சொன்னால் போதும். "உங்களை மாதிரி நான் கண்ணாடி முன்னாடி நிக்க மாட்டேன்" என்ற கிண்டல் மட்டும் வேண்டவே வேண்டாம்; திறக்கிற கதவை நீங்களே சாத்துவது அது.

நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து செலவாகிறது என்று 2018-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் தன் ஆய்வில் கணக்கிட்டார். வாரம் 3 மணி நேரம் என்றால் ஒரு வருஷம் தாண்டும். (பை தூக்கிய நேரத்தை நான் சேர்க்க மாட்டேன்.)

அடுத்த முறை போட்டோ எடுக்கச் சொல்லி போனை நீட்டினால், அதை எங்காவது சாய்த்து டைமர் வைத்துவிட்டு, ஓடிப்போய் நடுவில் நில்லுங்கள்.