கூழ் கசந்து, இறால் ரப்பராகினால்

பச்சைப் பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச மாவில காய்ச்சின ஒடியல் கூழ் கசந்துபோச்சு, இறாலும் ரப்பர் மாதிரி இழுபடுது எண்டு எழுதியிருந்தீங்கள். கசப்பு மாவால வந்தது. பைக்கற்றில இருந்து நேரே பானைக்குள்ள கொட்டியிருப்பீங்கள் போல. ஒடியல் மாவை நிறையத் தண்ணி விட்டுக் கரைச்சு வையுங்கோ. மா அடியில தங்கினதும் மேல நிக்கிற தண்ணியை மெல்லச் சரிச்சு ஊத்திப்போட்டுப் புதுத்தண்ணி விடுங்கோ. ரெண்டு மூண்டு தரமாவது செய்யவேணும், இதில பஞ்சிப்படாதேங்கோ. வாங்கேக்க புழுக்கொடியல் மாவோ எண்டும் பாருங்கோ, அது கிழங்கை அவிச்சுக் காயவைச்சு இடிச்சது, வேற.

இறால் பிழைச்சது நேரத்தால. முதல்ல ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயித்தங்காய். அதுகள் பாதி அவிய நண்டும் மீன்தலையும். பிறகு பழப்புளிக் கரைசலில மாவையும் அரைச்ச செத்தல் மிளகாயையும் கலந்து விட்டு, அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே நல்லாய்க் கொதிக்க விடுங்கோ. கூழ் தடிச்சு, அகப்பையில ஒட்டி வழியிற பதத்தில இறாலைப் போடுங்கோ. சிவந்து சுருண்டால் காணும், உடன இறக்குங்கோ. முருங்கையிலையும் அப்பதான்.

கணவாய் போடுறதெண்டால் அதுவும் இறாலோடதான். கூழ் குடிக்கிற பனையோலைப் பிளா கிடைக்காட்டில் கோப்பை போதும், ஆனால் சுடச்சுடக் குடியுங்கோ.