வருகிறவர் எல்லோருக்கும் ஒரே ஐபி: ஊர் கண்டுபிடிக்கும் சொந்த சர்வரில் எங்கே தவறு?

கேள்வி: ஈரோட்டில் போர்வை, துண்டு விற்கும் சிறிய இணையக் கடை நடத்துகிறேன். பார்க்க வருகிறவரின் நாடும் ஊரும் தெரிந்தால், விலையை ரூபாயில் காட்டுவதா டாலரில் காட்டுவதா, கூரியர் செலவு எவ்வளவு என்பதெல்லாம் தானாகவே முடிவாகிவிடும் என்று நினைத்தேன். என் சர்வரிலேயே, மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரில், வருகிறவரின் ஐபியைச் சொல்லும் எக்கோஐபி மென்பொருளைப் போட்டு, எந்த ஐபி எந்த ஊர் என்று சொல்லும் ஜியோலைட்2 தரவுத்தளத்தையும் இணைத்தேன். முன்னால், வருகிற கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் இருக்கிறது. ஆனால் யார் வந்தாலும் 172.17.0.1 என்ற ஒரே ஐபி முகவரிதான் பதிவாகிறது. நாடு, ஊர் இரண்டும் காலி. கோவை வாடிக்கையாளர் ஒருவரின் ஐபியைக் கேட்டு வாங்கி, கையால் கொடுத்துப் பார்த்தால் சென்னை என்கிறது. மென்பொருளில் கோளாறா? காசு கொடுத்து வேறு சேவை வாங்க வேண்டுமா?

பதில்: மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது. காசும் செலவழிக்க வேண்டாம். சொந்த சர்வரில் வைத்தது நல்ல முடிவு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீஜியோஐபி என்ற இலவசப் பொதுச் சேவை ஒன்று இருந்தது. மணிக்கு 15,000 கேள்விகள் வரை பதில் தரும். அதை நம்பி எத்தனையோ தளங்கள் இயங்கின. 2018 ஜூலை 1 அன்று அந்தப் பழைய வாசல் மூடப்பட்டது. அதன் முகவரியை நிரலில் நேரடியாக எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாம் அவசர அவசரமாக மாற்றினார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் வாடிக்கையாளரின் ஐபியும் வெளியே யாரிடமும் போவதில்லை.

இப்போது 172.17.0.1. டாக்கர் தன் கன்டெய்னர்களுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே ஓர் உள்வலையமைப்பு போடுகிறது. அதில் சர்வர் பக்கத்து முகவரி அது. வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டுவது என்ஜின்எக்ஸிடம். எக்கோஐபியின் கதவைத் தட்டுவதோ என்ஜின்எக்ஸ். ஆகவே அது தன்னிடம் வந்தவரின் முகவரியை எழுதி வைக்கிறது. 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் முகவரிகள் எல்லாம் வீட்டுக்குள் புழங்குபவை. எந்தத் தரவுத்தளத்திலும் அவற்றுக்கு ஊர் கிடையாது.

தீர்வுக்கு இரண்டு முனைகளையும் தொட வேண்டும். என்ஜின்எக்ஸ் அமைப்பில், எக்ஸ்-ரியல்-ஐபி என்ற ஹெடரில் (கோரிக்கையோடு சேர்ந்து போகும் தகவல் வரி) வந்தவரின் உண்மையான முகவரியை, அதாவது ரிமோட்-அட்ரஸ் மாறியை, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எக்கோஐபியைத் தொடங்கும்போது பெரிய எழுத்து எச் என்ற விருப்பத்தோடு அதே ஹெடரின் பெயரைக் கொடுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் எந்த ஹெடரையும் அது நம்பாது. நம்பாமல் இருப்பதுதான் சரியும்கூட. இங்கே பலர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரைப் பயன்படுத்திவிடுகிறார்கள். வருகிறவரே அதில் எதையாவது எழுதி அனுப்ப முடியும். வழக்கமான அமைப்பில் என்ஜின்எக்ஸ் அதன் பின்னால் ஒட்டுமே தவிர, முன்னால் இருப்பதை அழிக்காது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு சிகாகோ என்று சொல்லிவிடலாம். எக்ஸ்-ரியல்-ஐபியை மேலெழுதினால் அந்தப் பித்தலாட்டம் நடக்காது. கடையின் நிரல் சர்வருக்குள்ளிருந்தே எக்கோஐபியிடம் நேரடியாகக் கேட்பதாக இருந்தால், கேள்வியிலேயே ஐபி என்ற அளவுருவாக வாடிக்கையாளரின் முகவரியைச் சேர்த்து அனுப்புங்கள்.

கையோடு இன்னொன்றையும் பாருங்கள். எக்கோஐபியின் 8080 போர்ட்டை டாக்கர் வழியாக வெளியே திறந்து வைத்திருக்கிறீர்களா? யூஎஃப்டபிள்யூ என்ற தடுப்புச்சுவர் (ஃபயர்வால்) போட்டிருக்கிறேன், பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். டாக்கர் வெளியிடும் போர்ட் அந்தத் தடுப்பைத் தாண்டி நேராகத் திறந்துகொள்ளும். சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய 127.0.0.1 முகவரியோடு மட்டும் அந்தப் போர்ட்டைக் கட்டுங்கள்.

இனி கோவை, சென்னை குழப்பம். இது தீராது, ஏன் என்று புரிந்துகொண்டால் போதும். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். உங்கள் சர்வரிடம் 8.8.8.8 எங்கே என்று கேளுங்கள். தளங்களின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் கூகுளின் டிஎன்எஸ் சேவையின் முகவரி அது. உலகின் பல இடங்களில் ஒரே எண்ணோடு நிற்கிறது. நாடு அமெரிக்கா என்று வரும், ஊர் காலியாக இருக்கும். ஆனால் அட்சரேகை 37.751, தீர்க்கரேகை மைனஸ் 97.822 என்று பிசிறில்லாமல் ஒரு புள்ளி கிடைக்கலாம். அதை வரைபடத்தில் தேடினால் கான்சஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகருக்கு மேற்கே கொண்டுபோய் விடும்.

அங்கே ஏன்? ஊர் தெரியாத அமெரிக்க முகவரிகளுக்கு, ஜியோலைட்2-ஐத் தரும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. முதலில் வைத்த புள்ளி 38, மைனஸ் 97. அது பாட்வின் என்ற சிற்றூர் அருகே ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. திருட்டுப்போன பொருளைத் தேடியும், மோசடிக்காரனைத் தேடியும் போலீசும் பொதுமக்களும் அங்கே போய் நின்றார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகுதான் நிறுவனம் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தியது. தெரியாது என்ற பதிலை ஒரு துல்லியமான புள்ளியாகக் காட்டியதால் ஒரு குடும்பம் பட்ட பாடு அது. யாராவது ஐபி வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஜியோலைட்2 உரிம விதியும் தனி நபரையோ வீட்டையோ அடையாளம் காண அதைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

ஆகவே தரவுத்தளத்தில் புள்ளியோடு சேர்ந்து இருக்கும் துல்லிய ஆரம் என்ற எண்ணையும் பாருங்கள். உண்மையான இடம் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்கலாம் என்பதை அது கிலோமீட்டரில் சொல்லும். 8.8.8.8-க்கு 1000 என்று இருந்தால் அந்தப் புள்ளிக்கு அர்த்தமே இல்லை. எக்கோஐபியின் பதிலில் இது வராது. எம்எம்டிபி-லுக்கப் என்ற சிறு கருவியால் கோப்பையே நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் கோவை வாடிக்கையாளர் கைபேசியில் வந்திருப்பார். கைபேசி நிறுவனங்கள் ஒரே ஐபியை நிறையப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அந்தப் போக்குவரத்து சென்னையிலோ மும்பையிலோ இணையத்தில் இறங்கும். ஐபிக்குத் தெரிந்தது அந்த இறங்குதுறைதான். காசு கொடுத்து வாங்கும் தரவுத்தளம் கொஞ்சம் மேம்பட்டிருக்கும். ஆனால் கோவைக்காரரின் போக்குவரத்து சென்னையில் இறங்கும்வரை அதுவும் இங்கே தடுமாறும்.

எனவே நாட்டை மட்டும் நம்புங்கள். ரூபாயா டாலரா என்பதற்கு அது போதும். அதிலும் வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள், விபிஎன் போட்டு வேறு நாட்டு முகவரியில் வருபவர்கள் உண்டு. கூரியர் செலவுக்கு ஊரை ஊகிக்கவே வேண்டாம். நம்மிடம் 1972 முதல் பின்கோடு இருக்கிறது. முதல் மூன்று இலக்கங்களே போதும்: 638 என்றால் ஈரோடு, 641 கோவை, 627 திருநெல்வேலி. ஒரு சின்னக் கட்டம் வைத்து ஆறு இலக்கங்களைக் கேளுங்கள். போர்வை வாங்க வந்தவர் அதைத் தட்டச் சலிக்க மாட்டார். தப்பான கூரியர் செலவைப் பார்த்தால்தான் கடையின் பக்கத்தை மூடிவிட்டுப் போவார்.

கடைசியாகப் பராமரிப்பு. ஜியோலைட்2-ஐ இறக்க 2019 டிசம்பர் இறுதி முதல் கணக்கும் உரிமச் சாவியும் தேவை, நீங்கள் வாங்கியிருப்பீர்கள். கோப்பைப் புதுப்பிக்கும் ஜியோஐபி-அப்டேட் கருவியைக் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். புதியது வந்த 30 நாளுக்குள் பழைய கோப்பை அழித்துவிட வேண்டும் என்பது விதி. எக்கோஐபி கோப்பைத் தொடங்கும்போது ஒருமுறைதான் திறக்கிறது. ஆகவே இறக்கி முடித்ததும் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யும் வரியையும் அதே கிரானில் சேர்த்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, புதிய கோப்பு வட்டில் இருக்க, பழைய பதிலையே மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்த சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு, சாவி எல்லாம் வேண்டாம் என்றால் டிபி-ஐபி லைட் என்ற தரவுத்தளம் அதே வடிவத்தில் மாதாமாதம் வருகிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்.

எல்லாம் மாற்றியபின் உங்கள் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். 172.17.0.1 போய், நாடு இந்தியா என்று வந்தால் வேலை முடிந்தது. ஊர் ஈரோடு என்று வராவிட்டால் திருத்தப் போகாதீர்கள்.